செருப்படி நடந்த வழி

நத்தையேந்தலில் செருப்படி நடக்க ஆரம்பித்தது கண்மாய் வற்றிப்போன கோடையில். கீழத்தெருவில் எங்களுக்கு அதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரு ஆளே காணாமல் போய், ஊர் எதுவும் நடக்காததுபோல் டீ ஆற்றிக் குடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு செடி நடந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்றுதான் நினைத்தோம்.

செருப்படியைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு செடி. தேள்கொடுக்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம், ஆனால் தேள்கொடுக்கு நிமிர்ந்து நிற்கும், இது நிமிராது. தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் தரையோடு தரையாகப் படர்ந்து, சுருங்கிய சிறு இலைகளும் சாம்பல் பூத்த பச்சையுமாக, யாரோ செருப்புக்காலால் மிதித்து மண்ணில் அழுத்திவிட்டுப் போனதுபோல் கிடக்கும். பூ இருப்பதே குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஒருதரம் வேர் பிடித்துவிட்டால் வருசம் போய் வருசம் வந்தாலும் அது போகாது, மேலே காய்ந்து கருகினாலும் கீழே விதைக்குள் உயிரை வைத்துக்கொண்டு கிடக்கும். கட்டி உடைய அரைத்துப் போடுவோம். மற்றபடி அதை யாரும் மதித்ததில்லை. அதன் பெயரையே செருப்பால் அடிப்பதற்கும் சொல்லுகிறோம் என்பதால், 'செருப்படி கொண்டு வா' என்று கேட்டால் 'தரவா, வாங்கிக்கிறியா' என்று கேலி பேசுவது எங்கள் ஊரில் எல்லாத் தெருவுக்கும் பொதுவான ஒரே நகைச்சுவை.

எல்லாத் தெருவுக்கும் பொதுவானவை வேறு அதிகம் இல்லை. கீழத்தெருவிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போக மேலத்தெருவைக் கடந்தாக வேண்டும், கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிகாரிகள் வந்து கேட்டால் 'அதெல்லாம் அந்தக் காலம்' என்று மேலத்தெருவில் சொல்வார்கள், நாங்களும் பக்கத்தில் நின்று ஆமாம் என்போம், அவர்கள் ஜீப் ஏறியதும் நாங்கள் குனிந்து செருப்பைக் கழற்றுவோம்.

பஞ்சவர்ணத்தின் புருசன் சோலையன் கழற்றவில்லை. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன், வரும்போது காலுக்கு ஒரு அளவு பெரியதாகத் ஒரு ஜோடித் தோல் செருப்பு வாங்கி வந்திருந்தான். வந்த முதல் ராத்திரியே தெருநாய் இடதுகால் செருப்பின் குதிகாலைக் கடித்துத் தின்றுவிட்டது. பஞ்சவர்ணம் நாயைக் கல்லெறிந்து விரட்டினாள், அவன் அந்தக் கடிபட்ட செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நடந்து காட்டிச் சிரித்தான். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டே மேலத்தெரு வழியாகப் போனான், போட்டுக்கொண்டே திரும்பி வந்தான். ஊர்ச் சாவடியில் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார்கள். அதற்கு மறுநாளும் போட்டுக்கொண்டு போனான். அப்புறம் ஒரு சாயங்காலம் போனவன் வரவில்லை.

'திருப்பூருக்குப் போயிருப்பான்' என்றது மேலத்தெரு. 'திருப்பூர்ல தேடிப் பாத்தியாம்மா?' என்று கேட்டது போலீஸ். பஞ்சவர்ணம் திருப்பூருக்குப் போனாள், அவன் வேலை பார்த்த இடத்தின் கேட்டில் நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டாள், வேறு கம்பெனிகளின் கேட்டுகளிலும் நின்றாள், மூக்குத்தியை விற்ற காசு கரைந்ததும் திரும்பி வந்தாள். அவளுடைய கொழுந்தன் சின்னாண்டி நல்லவன், அண்ணனுக்காக அழுது முடித்துவிட்டு அவளிடம் மெதுவாகச் சொன்னான்:

"மதினி, இப்படியே எத்தன நாளைக்கு? அண்ணனுக்குப் பதிலா ஒரு வாழை மட்டையக் கெடத்தி வச்சாவது காரியத்தைப் பண்ணிருவோம். அண்ணன் அல்லாடிக்கிட்டுத் திரியப் போகுது."

"உசுரோட இருக்குற மனுசனுக்கு எவனாச்சும் எள்ளுந் தண்ணியும் எறைப்பானா?" என்றாள் பஞ்சவர்ணம். "அவுக வருவாக. வந்து நிக்கயில நான் வெறுங்கழுத்தோட நின்னா என்ன சொல்லுவாக?"

அவள் அழவே இல்லை. அழுதால் அவன் செத்துவிடுவான் என்று நம்பினாள். எங்கள் தெருவில் சாவு விழுந்தபோதுகூட மாரடிக்க வரவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். கண்மாய் மடைப்பக்கம் விறகு பொறுக்கப் போகிறபோதெல்லாம் தலையை நிமிர்த்தி அந்தப் பக்கத்து பஸ் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் மேலத்தெருவின் தென்கோடியில், டீக்கடை வாசலில், நேற்றுவரை வெறும் மண்ணாக இருந்த இடத்தில் செருப்படி முளைத்துக் கிடந்தது. ஒற்றைச் செருப்பின் அளவு, செருப்பின் வடிவம், வலது கால், முனை வடக்கே பார்த்திருந்தது. டீக்கடைக்காரர் அதை எட்டி உதைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். மறுநாள் ஒரு எட்டு தள்ளி இடது கால் முளைத்திருந்தது. அதன் குதிகாலில் ஒரு கடி அளவுக்குச் செடி இல்லை.

பஞ்சவர்ணத்துக்குச் சேதி போனதும் ஓடிவந்தாள். செருப்பில்லாத காலோடுதான் வந்தாள், அவளுக்குச் செருப்பே கிடையாது. அந்த இடது கால் பக்கத்தில் மண்டியிட்டு, குதிகாலில் செடி இல்லாத அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு மேலத்தெரு என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்தாள்.

"நடக்குறாக," என்றாள். "நாந்தான் சொன்னேன்ல. நடந்துக்கிட்டுத்தான் இருக்காக!"

அன்றிலிருந்து செருப்படி ஒவ்வொரு விடியலுக்கும் நடந்தது, முதலில் ஒரு எட்டு, போகப்போகப் பத்திருபது எட்டு. மேலத்தெரு சும்மா இருக்குமா? முதலில் மண்வெட்டியால் கொத்திப் போட்டார்கள், சாயங்காலத்துக்குள் அதே வடிவத்தில் அதே இடத்தில் வந்துவிட்டது. உப்பைக் கொட்டினார்கள், களைக்கொல்லி அடித்தார்கள், அதில் வேலியோரத்து முருங்கை பட்டுப்போனதே தவிர செருப்படிக்கு இலைகூட வாடவில்லை. ஆட்டைப் பிடித்து வந்து விட்டால் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு ஆட்களைப் பார்த்தது. கடைசியில் பஞ்சாயத்துப் பணத்தில் தெரு முழுக்கச் சிமெண்டுக் கல் பதித்தார்கள். கீழத்தெருக்காரர்கள் மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் நடந்தபோது கேட்டும் வராத கல், ஒரு செடிக்குப் பயந்து ஒரே வாரத்தில் வந்து இறங்கியது. செருப்படி கல்லின் இடுக்குகளில் முளைத்து, கல்லின் மேல் படர்ந்து, இன்னும் எடுப்பாகச் செருப்பின் வடிவத்தைக் காட்டியது.

அப்புறம் சாவடியில் கூட்டம் போட்டார்கள். தெருவில் கீழத்தெருச் செருப்பு நடக்கிறது என்பது குற்றம், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதைப் போட்டிருக்கிற ஆளைக் காணோம் என்பதுதான் சிக்கல். யாருக்குத் தண்டனை போடுவது? வெகுநேரம் பேசிவிட்டுப் பஞ்சவர்ணத்தை வரச்சொன்னார்கள். அவள் சாவடிக்குக் கீழே நின்றாள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் வைரவன், பெரிய வீட்டுக்காரர், ஊரின் முதல் மரியாதைக்காரர், திருவிழாவில் திருநீறும் மாலையும் முதலில் அவர் கைக்குப் போய்த்தான் மற்றவர்களுக்கு வரும்.  பக்கத்தில் இருந்தவர்தான் பேசினார்.

"ஏ புள்ள, ஒம் புருசங்கிட்டச் சொல்லி இந்தச் செருப்ப எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

"எங்க இருக்காகன்னு சொல்லுங்கய்யா," என்றாள் பஞ்சவர்ணம். "இப்பவே போயிச் சொல்லுறேன்."

 வெயில் ஏறிவிட்டது என்று சொல்லி எழுந்து போனார்கள்.

வழி கண்டுபிடித்தது பூசாரி பூமிநாதன்தான். கருப்பர் கோயில் பூசாரி அவர், காப்பி குடிக்கும்போதுகூடச் சாமி வந்துவிடுகிற உடம்பு. ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் செடியின் முன்னால் நின்று உறுமி, நாக்கைக் கடித்து, ஆடி, கடைசியில் சொல்லிவிட்டார், "டேய்! நடக்குறது நான்டா!" கருப்பருக்குச் செருப்புக் காணிக்கை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம், கோயில் மரத்தில் ஆணி அடித்த பெரிய பெரிய தோல் செருப்புகள் தொங்கும், ராத்திரி வேட்டைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறார் என்பார்கள். அப்படியிருக்க இதை ஏன் இத்தனை நாள் யாரும் யோசிக்கவில்லை என்று மேலத்தெரு தலையில் அடித்துக்கொண்டது. அழிக்க முடியாததைக் கும்பிட்டுவிட்டால் கதை முடிந்தது. குதிகாலில் ஏன் கடிபட்டிருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, வேட்டையில் நாய் கடித்திருக்கும் என்றார் பூசாரி. நாய் கடித்தது என்னவோ உண்மைதான்.

செருப்படி என்று சொல்லக் கூடாது, திருவடி என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. சுற்றிக் கயிறு கட்டினார்கள், மஞ்சள் துணி போட்டார்கள், அடுத்த ஊர்களிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள், பிள்ளை வரம் கேட்டவர்கள் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்கள், தேங்காய்க்கடைகள் வந்தன, கரும்புச்சாறு மெஷின் வந்தது. சாமி நடக்கிற தெருவில் மனுசன் செருப்போடு நடக்கலாமா? கூடாது. ஆகவே மேலத்தெருக்காரர்கள் தங்கள் வீட்டு வாசலில் தாங்களே செருப்பைக் கழற்றினார்கள். வாத்தியாரும் வட்டிக்கடைக்காரரும், பைக்கில் வருகிற பையன்களும் பட்டுச்சேலை கட்டிய மருமகள்களும், சித்திரை வெயிலில் கொதிக்கிற அந்தச் சிமெண்டுக் கல்லில் தத்தித் தத்தி நடந்தார்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. கீழத்தெருவில் நாங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்ததும் சோலையன் ஞாபகம் வரும், சோற்றில் கை வைக்கத் தோன்றாது.

பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. சாமியாக்கிவிட்டதால் அவள் கிட்டத்தில் போக முடியாமல் ஆகிவிட்டது. கயிற்றுக்கு வெளியே, தேங்காய்க்கடைகளுக்கும் பின்னால் நின்று எக்கி எக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு விடியலிலும் வந்து நின்றாள். இலையைக் கிள்ளுகிறவர்களைப் பார்த்து, "கிள்ளாதீங்கம்மா, அவுகளுக்கு வலிக்கும்," என்று கெஞ்சினாள். பைத்தியம் என்று சொல்லி அவள் கையிலும் சிலர் காசு போட்டார்கள். அந்தக் காசை அவள் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே வைத்துவிட்டு வருவாள்.

செருப்படி மேலத்தெருவின் நட்டநடுவில் நடந்து, சாவடியைத் தாண்டி, வைரவன் வீட்டு வாசலுக்கு வந்தது. அங்கே அது திரும்பியது. இரண்டு கால்களும் சேர்ந்து, வாசல் கதவைப் பார்த்து நின்றன. நாட்கணக்கில் அப்படியே நின்றன. திருவடி தேடி வந்த வீடு என்று ஊரே வைரவனைக் கையெடுத்துக் கும்பிட்டது, அவர் வீட்டுப் பெண்கள் விளக்கேற்றி வைத்தார்கள், அவரோ பின்வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தார். மனுசன் பாதியாக இளைத்துப்போனார். சாமி வீட்டுக்கு வந்தால் உடம்பு தாங்காது என்று பூசாரி விளக்கம் சொன்னார்.

பிறகு ஒரு காலையில் அது அந்த வாசலை விட்டு மேற்கே திரும்பி ஒரு எட்டு வைத்திருந்தது. மேற்கே கண்மாய். கண்மாயைக் குறுக்கே கடந்தால் அந்தக் கரைக்கு அப்பால் பஸ் ரோடு.

பஞ்சவர்ணம் கொழுந்தன் வீட்டுக்கு ஓடினாள். "சின்னாண்டி, குறுக்கு வழியில போயிருக்காக! தெருவுல தகராறுன்னு கண்மாய் வழியா எறங்கி ரோட்டுக்குப் போயிருக்காக, பஸ் ஏறியிருக்காக!" என்றாள். மூச்சு வாங்கியது. "அந்தக் கரையத் தாண்டிட்டாப் போதும். தாண்டிட்டா அவுக இருக்காக."

  எங்கள் எல்லாருக்கும் உள்ளூர ஒன்று தெரிந்திருந்தது, அதை யாரும் வாய்க்குக் கொண்டுவரவில்லை. தாண்டிவிடட்டும், தாண்டிவிடட்டும் என்று நாங்களும் எங்களுக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டினோம்.

கண்மாய்க்குள் இறங்கியதும் செருப்படியைப் பின்தொடர்வது கஷ்டமாயிற்று, ஏனென்றால் அங்கே தரையெல்லாம் செருப்படிதான், இயற்கையாகப் படர்ந்து கிடக்கிற செருப்படி. ஆனால் நடக்கிற செருப்படி மட்டும் தண்ணீர் ஊற்றி வளர்த்ததுபோல் பச்சையாக இருந்தது. கூட்டம் அதன் பின்னாலேயே கண்மாய்க்குள் இறங்கியது, குடை பிடித்தார்கள், மேளம் வைத்தார்கள், கரும்புச்சாறு மெஷினையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பஞ்சவர்ணம் விடியுமுன் கரைமேல் வந்து உட்கார்ந்துகொள்வாள். புது எட்டைப் பார்த்ததும் அதற்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறதென்று கண்ணாலேயே அளப்பாள்.

வேறொரு ஆளும் அதே நேரத்துக்கு அதே கரைக்கு வந்து அதே தூரத்தை அளந்துகொண்டிருந்தார். வைரவன். துணைக்கு ஆள் இல்லாமல், சட்டை இல்லாமல், வெறுங்காலோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார். பெரிய வீட்டுக்காரர் இத்தனை பக்தியோடு இருக்கிறாரே என்று அவளுக்கே ஆச்சரியம். ஒருநாள் அவராகவே அவளிடம் பேசினார்.

"ரோட்டுப் பக்கந்தான் போகுது பாத்தியா?"

"ஆமாங்கய்யா," என்று எழுந்து ஒதுங்கினாள்.

"தாண்டிரும். கண்டிப்பாத் தாண்டிரும். ஒம் புருசன் எங்குட்டாச்சும் போயி நல்லாத்தான் இருப்பான்."

ஊரெல்லாம் சாமி என்று சொல்லும்போது இந்தப் பெரிய மனுசர் ஒருத்தர்தான் அதை அவள் புருசன் என்று சொன்னார். பஞ்சவர்ணத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. தொப்பென்று கீழே விழுந்து, தொடாமல், அவருடைய காலுக்கு முன்னால் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒங்க வாய் முகூர்த்தம் பலிக்கணும் சாமி. நீங்க நல்லாருக்கணும்," என்றாள். அவர் பின்னால் நகர்ந்து, கரையிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகும் இரண்டு பேரும் காலையில் வந்தார்கள், ஒரே வேண்டுதலோடு ஒரே கரையில் நின்றார்கள்.

கண்மாயின் நடுமையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு கருவேல மரத்துக்குப் பக்கத்தில் செருப்படி நின்றது.

வலது காலும் இடது காலும் பக்கத்தில் பக்கத்தில், ஒரு மனுசன் சும்மா நிற்பதுபோல். மறுநாளும் அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும். "களைச்சுப் போயி நிக்கிறாக," என்றாள் பஞ்சவர்ணம். "பெரிய வீட்டு வாசல்ல நிக்கலியா? அது மாதிரித்தான். கொஞ்சம் நின்னுட்டு நடப்பாக." சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம், கையில் வைத்துக்கொண்டே மறந்துவிட்டாள். வெயில் தலைக்கு மேல் ஏறி இறங்கும்வரை கரையில் உட்கார்ந்து, "நடங்க, இன்னங் கொஞ்சந்தான், நடங்க," என்று முணுமுணுத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. வைரவனும் வந்து நின்றார்.

அப்போதுதான் பூசாரிக்கு மறுபடி சாமி வந்தது. கருப்பர் இடம் பார்த்துவிட்டார், இங்கேதான் குடியிருக்கப் போகிறார், கோயில் கட்டு என்கிறார் என்று சொல்லிவிட்டார். கோயில் கட்ட வேண்டும் என்றால் முதலில் பிடிமண் எடுக்க வேண்டும். சாமி நின்ற இடத்தில் முதல் மரியாதைக்காரர் தன் கையால் தோண்டி ஒரு பிடி மண் எடுத்துத் தாம்பாளத்தில் வைப்பார், அவருக்குப் பின்னால் வரிசைப்படி மற்றவர்கள் எடுப்பார்கள், முதல் பிடி விழாமல் வேறு யாரும் அங்கே மண்ணைத் தொடக் கூடாது. இந்த முதல் பிடிக்காக வைரவனின் பாட்டனார்கள் கோர்ட்டு வரை போய்ச் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பை அவர் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

பிடிமண் அன்றைக்குக் கண்மாய்க்குள் கால் வைக்க இடமில்லாத கூட்டம். சுற்றுக்கிராமங்கள் எல்லாம் வந்திருந்தன, எங்களையும் ஒரு ஓரமாக, கயிற்றுக்கு வெளியே, நிற்கவிட்டார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. வைரவனுக்குத் தலைப்பாகை கட்டி, மாலை போட்டு, கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அந்த இரண்டு பாதங்களுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். பூசாரி தாம்பாளத்தை நீட்டினார்.

"எடுங்கய்யா."

வைரவன் கையை நீட்டினார். கை இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.  மாலையில் இருந்து பூ உதிர்ந்தது.

"எடுங்கய்யா, நேரம் போகுது."

"இங்க வேணாம்," என்றார் வைரவன். "கரை மேல கட்டுவோம். மழைக்குத் தண்ணி ஏறுற எடம்."

"சாமி நின்ன எடத்த மாத்தலாமா?" என்றார் பூசாரி. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மேளக்காரர்கள் எதற்கு அடிக்கிறோம் என்று தெரியாமல் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

அந்த அமைதியில்தான் பஞ்சவர்ணம் கத்தினாள். எங்களுக்கு நடுவில் நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"தோண்டாதீங்க சாமி! ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன், தோண்டாதீங்க! அவுக இன்னும் நடக்கணும், நாளைக்கு நடப்பாக, ரோட்டுக்குப் போவாக! வேரை அத்துறாதீங்கய்யா, தோண்டாதீங்க!"

வைரவன் சட்டென்று எழுந்தார். முகம் தெளிந்தது. அவள் பக்கம் கையை நீட்டி ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"பாத்தீகளா? அந்தம்மாவே சொல்லுது. அந்தம்மா சொல்றதக் கேப்போம்யா. தோண்ட வேணாம்."

பஞ்சவர்ணம் அடங்கிப்போனாள்.  மேலத்தெருவில் யாரும் அதுவரை அவளை அம்மா என்று சொன்னதில்லை, ஏய் என்றும் ஏ புள்ள என்றும்தான் சொல்லியிருக்கிறார்கள். அவள் சொன்னதை அந்த ஊரில் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை, ஸ்டேஷனில் கேட்டதில்லை, சாவடியில் கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டார்கள். கேட்டவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் வைரவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் கையை இறக்கினார், தலையைக் குனிந்தார், மாலையைக் கழற்ற முயன்றார், அது தலைப்பாகையில் சிக்கிக்கொண்டது. பஞ்சவர்ணம் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். தடுக்க வேண்டியவர்கள் எல்லாம் இருந்தார்கள், தடுக்கத் தெரியவில்லை அவர்களுக்கு. அவள் தாம்பாளத்தை ஒதுக்கி வைத்தாள். இரண்டு பாதங்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, செடியை முதலில் கையால் தடவிக் கொடுத்தாள், தூங்குகிற ஆளை எழுப்ப மனசில்லாமல் தடவுவார்களே அப்படி. அப்புறம் விரல்களை மண்ணுக்குள் விட்டாள்.

கோடையில் எங்கள் கண்மாய் மண் கடப்பாரைக்கே இடம் கொடுக்காது. அங்கே அவள் விரலுக்கு இடம் கொடுத்தது.

ஒரு பிடி எடுத்து வெளியே போட்டாள். இன்னொரு பிடி எடுத்தாள். சின்னாண்டி கயிற்றுக்குள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான், பிறகு நாங்கள் ஒவ்வொருவராகப் போனோம். ஆழமெல்லாம் தோண்ட வேண்டியிருக்கவில்லை. காலுக்குத்தான் முதலில் வந்து சேர்ந்தோம். நிறைய நாளாகிவிட்டது, அதை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அது மனுசன் கால் என்பதும், யாருடையது என்பதும் அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. பூசாரி தாம்பாளத்தைக் கீழே போட்டார். பின்னால் கூட்டம் கலைந்து ஓடுகிற சத்தம் கேட்டது.

பஞ்சவர்ணம் முந்தானையால் அந்தக் காலின் மண்ணைத் துடைத்தாள். மற்றொரு காலையும் மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்தாள். பிறகு குழிக்குள் அங்கும் இங்கும் கையால் துழாவினாள், இன்னும் கொஞ்சம் மண்ணை வாரிப்போட்டுத் தேடினாள். என்ன தேடுகிறாள் என்று எங்களுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. அவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"வெறுங்காலா கெடக்காக," என்றாள். "செருப்பக் கழட்டிட்டுப் பொதைச்சிருக்காய்ங்க."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.